வேலியும் பொட்டும்: அயலவர் உதவியை இலக்கியத்தில் மதிப்பிடுதல் பற்றிச் சில குறிப்புகள்

1

யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் கிடுகு வேலி, நிலத்தின் மீதான தனியுடைமை கண்ணுக்குப் புலப்படும் வடிவங்களுள் ஒன்றாகும். எல்லைக் கதியால் சிறிது நகர்ந்தமைக்காக ஆண்டுக்கணக்காய் நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் அங்கு பல. ஆயின் அதே வேலியில் ஆள் ஒருவர் குனிந்து புகத்தக்க ‘பொட்டு’ ஒன்றும் இருப்பதுண்டு. அடுப்பு மூட்ட நெருப்பு, கறிக்கு உப்பு, பாதித் தேங்காய், கைமாற்றாகச் சில ரூபாய், நோயாளிக்குக் கஞ்சி ஆகியவை படலையைச் சுற்றி வாராது பொட்டினூடாகவே வந்து சேரும். வேலியும் பொட்டும் ஒரே சமூகத்தின் ஆக்கங்களே. எனினும், அயலவர் உதவியைப் பொருளாகக் கொண்ட புனைகதைகளை மதிப்பிடுகையில் நமது விமர்சனம் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறிவந்துள்ளது.

ஒருசாரார் இத்தகைய கதைகளில் ‘மனிதாபிமானம்’ என்னும் நிரந்தரப் பண்பைக் காண்கின்றனர். மனிதன் இயல்பிலே நல்லவன். நெருக்கடி அந்நன்மையை வெளிக்கொணர்கிறது என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாரார், நம்முள்ளேயே சிலர், இவற்றைச் சீர்திருத்தவாத மனவெழுச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். அயல்வீட்டார் கொடுத்த ஒரு கொத்து அரிசி சமூக அமைப்பை மாற்றிவிடாது என்பது அவர்தம் வாதம். முன்னையது வரலாற்றை மறந்த பார்வை. பின்னையது மனிதரை மறந்த பார்வை. மார்க்சியத்தின் மூலவர்கள் இரண்டாவது தவற்றைச் செய்யவில்லை. இங்கிலாந்தின் தொழிலாளர் நிலைபற்றி 1845இல் எழுதிய ஏங்கல்ஸ், வறியோருக்கு வறியோர் கொடுப்பது செல்வர் கொடுப்பதினும் அதிகம் என்ற அவதானிப்பை அக்கறையுடன் எடுத்தாண்டார். அதனை அவர் இயற்கைக் குணமாகக் கொள்ளவில்லை. துன்பத்தைத் தாமே அனுபவித்தறிந்தோரின் வாழ்நிலையிலிருந்தே விளக்கினார்.

எனவே அயலவரின் சிற்றுதவி ஒரு சமூக உறவாகும். அது யாருக்குச் செய்யப்படுகிறது? எந்த எல்லைவரை செல்கிறது? அதற்குச் செய்பவர் கொடுக்கும் விலை யாது? ஒரு படைப்பின் யதார்த்தத்தை இம்மூன்று வினாக்களைக் கொண்டு அளக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மூன்று படைப்புகளை எடுத்து நோக்குவோம்.

2

முதலாவது என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதை. மதுவிலக்குப் பணியில் முன்னிற்கும் பெரியவர் ஒருவர், தம்மைத் தேடிவந்த தாழ்த்தப்பட்ட சாதியினரை வீட்டினுள் அழைத்து அமரச்செய்ய விரும்பாது, நிலவின் அழகைச் சாட்டி வெளியே அழைத்துச் செல்கிறார். அவர் கடுஞ்சொல் எதுவும் பேசவில்லை. அவரது பேச்சில் இனிமையும் உபசாரமும் உண்டு. அந்த இனிமையே அங்கு வேலியாகிறது. அன்பான நடத்தையைக் கண்டதும் மகிழ்ந்துவிடும் வாசகனை, ‘எந்த எல்லைவரை?’ என்று கேட்கவைப்பதே இக்கதையின் சாதனை எனலாம்.

சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளை விதிப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி தொடங்கி, தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் போராட்டம் நிகழ்த்த வேண்டியிருந்தது. கிணற்றில் அள்ள விடாது, கையேந்தி நின்றவருக்கு நீர் வார்த்தோரும் தம்மை இரக்கமுடையோராகவே கருதினர். வார்ப்பவரின் மனத்தில் இரக்கம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆயின் அந்த இரக்கம் கிணற்றுக்கட்டைத் தாண்டவில்லை. கொடுப்பவரும் கொள்பவரும் இடம் மாறிக்கொள்ள இயலாத உதவி, தருமமாகலாம், அயலுறவு ஆகாது.

3

இதற்கு மறுதலையான ஓர் உறவினை மாக்சிம் கோர்க்கியின் ‘தாய்’ நாவலில் காண்கிறோம். தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பினூடாக நமது வாசகர்க்கு நன்கு அறிமுகமான இந்நாவலில், பாவெல் சிறைப்பட்டபின் அவனது தாய் ஆலைக்குள் துண்டுப்பிரசுரங்களைக் கொண்டுசெல்ல முனைகிறாள். அவளுக்கு அந்த வழியைத் திறப்பது கட்சியின் கட்டளை அன்று. ஆலைவாயிலில் உணவு விற்கும் அயல்வீட்டுக்காரி மரியா கோர்சுனவாவோடு உள்ள பழக்கமேயாகும். அவளுக்குக் கையாளாகச் சேர்ந்து, உணவோடு பிரசுரங்களையும் தாய் எடுத்துச் செல்கிறாள்.

மரியா கோட்பாடு கற்ற புரட்சியாளர் அல்லள். அயலாளின் இடரறிந்து கைகொடுக்கும் சாதாரண உழைப்பாளி. எனினும் அவள் அளித்த சிறு வேலை ஓர் அரசியற் செயலுக்குப் பாதையாகிறது. இரக்கத்தையும் இயக்கத்தையும் கோர்க்கி எதிரெதிராக நிறுத்தவில்லை. ஏற்கனவே நிலவும் அயலுறவின் தடத்திலேயே புதிய வர்க்க ஒருமைப்பாடு நடந்து செல்வதைக் காட்டுகிறார். சிற்றுதவியை ஏளனஞ்செய்யும் நமது தோழர்கள் மனங்கொள்ள வேண்டிய இடம் இது.

4

மூன்றாவது படைப்பு நமது காலத்துப் பெருந்துயரோடு தொடர்புடையது. சியாம் செல்வதுரையின் ஆங்கில நாவலான ‘ஃபனி போய்’ 1994இல் வெளிவந்தது. நாட்குறிப்பாக அமைந்த அதன் இறுதிப்பகுதி 1983 யூலை வன்செயலைக் கூறுவது. கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பமொன்று மதிலேறிக் கடந்து அயலிலுள்ள சிங்களக் குடும்பத்தினரிடம் அடைக்கலம் புகுகிறது. அவர்களது வீடு எரிக்கப்படுகிறது. கொழும்பின் மதிலில் பொட்டு இல்லை. எனினும் கடப்பதற்கு அந்த இரவில் ஒரு வழி பிறக்கிறது. அடைக்கலம் கொடுத்தவர்கள் தமது வீட்டுக்கும் தீ வரலாம் என்பதை அறிந்தே கொடுத்தனர். நாம் எழுப்பிய மூன்றாவது வினாவான ‘விலை’ இங்கு முழுமையாகப் புலப்படுகிறது.

இத்தகைய நிகழ்வுகள் கற்பனையல்ல. அந்த யூலையில் சிங்கள அயலவரால் உயிர்தப்பிய தமிழர் பலர். ஆயின் இவ்வுண்மை இருவகையாகத் திரிக்கப்பட்டு வந்துள்ளது. ‘சாதாரண மக்கள் நல்லவர்கள், சில காடையரே தீயவர்’ என்று கூறி அரசின் பொறுப்பை மறைக்க அதனைப் பயன்படுத்துவோர் உளர். ‘விதிவிலக்கு’ என்று சொல்லி அதனை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுவோரும் உளர். இருசாராரும் கவனியாத வேறுபாடு ஒன்றுண்டு. வன்செயலாளர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த வீடு தமிழருடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாகனமும் எரிபொருளும் அவர்களுக்குக் கிடைத்தன. காப்பாற்றியோரிடமோ ஒரு களஞ்சிய அறையும் பூட்டிய கதவும் மட்டுமே இருந்தன. வன்முறை ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது, இரக்கம் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தது. நன்மையின் அளவு குறைந்தமையினால் அன்று, அதற்கு அமைப்பு இல்லாமையினாலேயே அது தோற்றது.

இவ்வளவுகோலை நம் பக்கமும் திருப்புதல் விமர்சன நேர்மையாகும். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள், 70,000இற்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறைகளாகப் பண்டமும் பலகாரமும் பரிமாறிய அயலட்டை அது. கண்ணீரோடு வழியனுப்பியோர் இருந்தனர். ஆயினும் கூட்டாகத் தடுத்து நிற்கும் வலு அயலுக்கு இருக்கவில்லை. துப்பாக்கியின் அச்சம் இதற்கு ஒரு காரணம். இனத்தின் பெயரால் வகுத்த எல்லையைப் பெரும்பாலோர் மனத்தளவில் ஏற்றுக்கொண்டிருந்தமை மற்றொரு காரணம். அடைக்கலம் பெற்ற கதைகளை விரும்பிக் கூறும் நமது இலக்கியம், அடைக்கலம் கொடுக்கத் தவறிய கதையையும் அதே அக்கறையோடு கூறவேண்டும்.

5

அதே தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணத்தில், மின்சாரமும் மின்கலமும் இல்லாதபோது மிதிவண்டி ‘டைனமோ’வைச் சுழற்றி வானொலி இயக்கினர். ஒருவர் மிதிக்க அயலார் கூடியிருந்து செய்தி கேட்டனர். களைத்தவரின் இடத்தை அடுத்தவர் எடுத்துக்கொண்டார். மண்ணெண்ணெயை மிச்சப்படுத்த ஜாம் போத்தலில் விளக்குச் செய்யும் முறை வீட்டுக்கு வீடு பரவியது. இவை பெரிய தியாகங்கள் அல்ல. ஆயினும் கொடுப்பவரும் கொள்பவரும் முறைமாற்றிக்கொண்டதால், இங்கு உதவி தருமத்தின் எல்லையைக் கடந்து கூட்டுழைப்பாயிற்று.

2022இல் நாடு கடன் மீளச்செலுத்தலை நிறுத்தி, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றபோதும் இத்தகைய உதவிகள் தோன்றின. விறகடுப்பு மூட்டிய வீட்டில் அயல்வீட்டுப் பானையும் ஏறியது. வரிசையில் ஒருவர் நிற்க, அவரது பிள்ளைகளை மற்றவர் பார்த்துக்கொண்டார். உடனே ‘நமது மக்களின் தாங்கும் வலிமை’ என்ற புகழுரையும் எழுந்தது. அப்புகழுரை ஐயத்துக்குரியது. மக்கள் தாங்கிக்கொள்வதைப் போற்றுவோர், அவர்கள் தாங்கவேண்டி வந்ததற்கான காரணத்தைப் பேசாதிருக்க வசதி பெறுகின்றனர்.

ஆகவே இக்காலத்துச் சிறுகதையாசிரியர் அயலவர் உதவியை எழுதவேண்டும். நாம் அதனை ஊன்றிப் படிக்கவேண்டும். பகிர்ந்த அரிசியை மட்டும் காட்டி நிறைவடையும் கதை பாதி உண்மையே கூறுகிறது. அரிசி ஏன் இல்லாமற் போயிற்று, எந்த வீட்டுப் பானைக்கு அந்த அடுப்பில் இடமில்லை, இன்று கொடுத்தவர் நாளை கேட்டுவர இயலுமா என்பவற்றையும் காட்டும்போதே அது யதார்த்த இலக்கியமாகிறது. வேலியினை அறியாது பொட்டினை வியப்பதும், பொட்டினைக் காணாது வேலியை மட்டும் சாடுவதும் நமக்கு உதவா. எந்த இடத்தில் பொட்டு விழுந்துள்ளது, அதனை அகலப்படுத்தக்கூடிய கைகள் எவை என்று கண்டுரைப்பது முற்போக்கு விமர்சனத்தின் இன்றைய கடமையாகும்.