இமையத்தின் ‘பெத்தவன்’: தருமபுரியிலிருந்து ஒரு வாசிப்பு

இமையம் (இயற்பெயர்: வெ. அண்ணாமலை, பிறப்பு: 1964) கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த நாவலாசிரியர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. ‘ஆறுமுகம்’, ‘செடல்’, ‘எங் கதெ’ ஆகியவை தொடர்ந்தன. ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

எங்கள் மாவட்டத்தில் இவர் பெயரைச் சொன்னால் விருது பெற்ற நாவலைவிட ‘பெத்தவன்’ (2012) என்ற நெடுங்கதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். சாதி கடந்து காதலித்த மகளைக் கொன்றுவிடும்படி தந்தை பழனியை ஊர் நெருக்குகிறது. ஒப்புக்கொண்ட பழனி, இரவோடு இரவாக அவளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்றும், பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டன. கதை அதற்கு முன்பே வெளிவந்திருந்ததால், ‘நடக்கப்போவதை எழுதிவிட்டார்’ என்ற பேச்சு பிறந்தது.

இந்தப் பாராட்டு கதையைச் சிறிதாக்குகிறது. இங்கே ஒரு தந்தையின் சாவைச் சாக்காக வைத்து வீடுகள் கொளுத்தப்பட்டன. கதையிலோ தந்தையின் சாவு மகளுக்கு வழிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால், ஊருக்குத் தலையாட்டியபடியே ஊரை ஏமாற்றிய பழனியின் செயல் கண்ணில் படாமல் போய்விடும். அவர் புரட்சிக்காரர் அல்ல. ஊரில் மானத்தோடு வாழ ஆசைப்பட்ட சாதாரணக் குடியானவர். சாதிக்குள் இருப்பவருக்கும் அதை மீற முடியும் என்று இமையம் காட்டுகிறார். அதற்கான விலையையும் மறைக்கவில்லை.

குறை ஒன்று உண்டு. இக்கதையில் மகளைவிடத் தந்தையின் துயரமே பெரிதாகத் தெரிகிறது. ‘செல்லாத பண’த்திலும் தீக்காயப் பிரிவில் கிடக்கும் ரேவதியைச் சுற்றியிருப்பவர்களின் பேச்சும் அழுகையும்தான் நாவலின் பெரும்பகுதி. பேச்சு வழக்கில் இமையத்துக்கு இருக்கும் பிடிப்பு அசாத்தியமானது; ஆனாலும் ரேவதி வாழ்ந்த வாழ்க்கையை அவள் வாயால் இன்னும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ‘கோவேறு கழுதைகள்’ ஆரோக்கியம் அப்படியல்ல. காலனி மக்களின் துணி வெளுத்துப் பிழைக்கும் அவளுடைய புலம்பலும் கோபமும்தான் அந்த நாவல். தலித்துகளுக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வைக் காட்டியதற்காக அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. ‘பெத்தவ’னை ஒரே மூச்சில் படித்துவிடலாம்; அதை முடித்த மாணவர்கள் அடுத்து ஆரோக்கியத்திடம் போகட்டும்.