தெளிவான நாடாவே நல்ல கச்சேரியா?

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் பாட்டின் பெயரைவிடத் தேதியைத்தான் அதிகம் சொல்வார்கள். 1977 மே 8 என்றால் போதும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் கச்சேரி என்று புரிந்துகொள்வார்கள். 1965 முதல் 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நடத்திய இந்தக் கலிஃபோர்னியா ராக் குழுவுக்கு, அந்த ஓர் இரவு மட்டும் மூலவராகிப் போனது எப்படி? பதிவுகளை ரசிகர்கள் தமக்குள் கைமாற்றிக்கொண்ட பழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் பலம். எழுபதுகளில் ரசிகர்கள் மைக்கை ஒளித்து எடுத்துப்போய்ப் பதிவு செய்தார்கள். 1984 அக்டோபரில், பெர்க்லி கச்சேரிகளிலிருந்து, பதிவு செய்வோருக்கென்று குழுவே தனி இடம் ஒதுக்கியது. வீட்டில் நகலெடுத்தால் இசைத்தொழில் செத்துவிடும் என்று பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. குழுத்தலைவர் போலக் கருதப்பட்ட ஜெரி கார்சியாவுக்கு இதில் சங்கடம் இருந்திருக்காது. 1964இல் அவரே புளூகிராஸ் இசைக் கச்சேரிகளைத் தேடி டேப் ரெக்கார்டரோடு ஊர் ஊராகப் போனவர்.

பதிவை விற்கக்கூடாது என்பதே இந்தப் பரிமாற்றத்தின் உயிர்நாடி. மாற்றிக்கொள்ள நாடா இல்லாதவர் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும். பாப் டிலனின் வெளியாகாத பாடல்களை 1969இல் திருட்டுத்தட்டாக அச்சிட்டுக் கடையில் விற்றவர்களோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை தெரியும். இப்படி நாடா சேர்த்த ரசிகரான டிக் லட்வாலா, பின்னாளில் குழுவின் ஆவணக் காப்பாளரே ஆனார். 1993 முதல் அவர் தேர்ந்தெடுத்த பழைய கச்சேரிகள் அதிகாரபூர்வமாகவே வெளிவந்தன.

ஆனால் 'எல்லோருக்கும் இலவசம்' என்பது முழு உண்மை இல்லை. கச்சேரியின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்த சுத்தமான பதிவை வைத்திருந்தவர் அதற்கு ஈடான இன்னொன்று வந்தால்தான் கொடுப்பார். புதிதாக வந்தவருக்குக் கிடைப்பது நகலின் நகலின் நகல். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம்.

சுத்தமான பதிவுக்கு இருந்த இந்த மதிப்பின் விளைவு கார்னெல் கச்சேரியில் தெரிகிறது. அதைப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். எண்பதுகளின் நடுவில் அவரது பணமுடையால் கிடங்கிலிருந்த நாடாக்கள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் வழியாக அவை ரசிகர்களிடையே பரவின. ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கேட்கும் அபாரமான பதிவு. கச்சேரியும் நல்ல கச்சேரிதான், மறுக்கவில்லை. ஆனால் முந்தின நாள் பாஸ்டனிலும் மறுநாள் பஃபலோவிலும் வாசித்தவை அதற்குச் சளைத்தவை அல்ல என்று வாதிடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. 'மிகச் சிறந்தது' என்ற பட்டத்தில் வாசிப்புக்கு எவ்வளவு பங்கு, தெளிவான நாடாவுக்கு எவ்வளவு பங்கு? மோசமான மைக்கில் மாட்டிக்கொண்ட ஒரு மகத்தான இரவு இந்தப் போட்டிக்கே வந்திருக்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2011ஆம் ஆண்டு ஒலிப்பதிவுப் பட்டியல்வரை கார்னெல் ஏறியதில், கையிலிருந்து கைக்குப் போன நகல்களின் உழைப்பு நிறையவே இருக்கிறது.

இன்னொரு குறையை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. நாடா சுற்றுக்கு அனுமதி கொடுத்தது குழு. ஆனால் குழு பாடியதெல்லாம் குழுவின் பாட்டா? கார்னெல் இரவிலேயே மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாசோ'வும் மெர்ல் ஹாகர்டின் 'மாமா டிரைட்'டும் உண்டு. இரண்டும் கன்ட்ரி பாடல்கள். டெட் குழுவுக்குக் கச்சேரி டிக்கெட்டில் வருமானம் வந்தது. நாடாக்கள் புதிய ரசிகர்களை அரங்குக்கு இழுத்துவந்தன. அந்த நகல்களால் பாட்டை எழுதியவருக்கு ஒரு காசும் இல்லை. ராக் ரசிகர்கள் பலருக்குக் கன்ட்ரி இசை இந்த நாடாக்களின் வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அறிமுகம் வேறு, கூலி வேறு. 2017இல் கார்னெல் கச்சேரி அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தபோதுதான் அந்த இரவின் பதிவு பாட்டெழுதியவர்களின் உரிமைத்தொகைக் கணக்குக்குள் வந்தது. ராபின்ஸ் 1982லேயே இறந்திருந்தார். ஹாகர்ட் இந்த வெளியீட்டுக்கு முந்தின ஆண்டுதான் இறந்தார்.