பிறந்த மண்ணில் அந்நியன்

நாடிழந்த கவிஞனைப் பற்றிப் பேசுமிடத்து, தொலைவிலிருந்து ஊரை எண்ணிக் கண்ணீர் வடிக்கும் ஒருவனையே நாம் மனத்தில் வரைந்து கொள்கிறோம். பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் வாழ்வோ இச்சித்திரத்துள் அடங்காதது. அவர் பிறந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டவர்.

கலிலேயாவின் அல்-பிர்வா கிராமத்தில் 1941இல் பிறந்த தர்வீஷ், 1948இல் குடும்பத்துடன் லெபனானுக்கு அகதியாகச் சென்றார். சிறிது காலத்தின் பின் இரகசியமாக எல்லை கடந்து திரும்பியபோது, கிராமம் அழிக்கப்பட்டிருந்தது. நாட்டினுள் வாழ்ந்தும் சட்டத்தின் கண்ணில் 'இல்லாதோர்' எனக் கணிக்கப்பட்ட மக்களுள் அக்குடும்பமும் ஒன்றாயிற்று. கண்முன் நிற்பவனை இல்லாதவன் என்று சட்டம் கூறுமாயின், அவன் தன் இருப்பை எவ்வாறு நிலைநாட்டுவான்? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே 1964ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற 'அடையாள அட்டை'. அதிகாரியின் முன் நிற்கும் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவன், தன் உழைப்பையும் மூதாதையரையும் பறிக்கப்பட்ட நிலத்தையும் சான்றாக வைத்துப் பேசுகிறான்.

எம். ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட 'பலஸ்தீனக் கவிதைகள்' வாயிலாகத் தர்வீஷை அறிந்த நம்மிற் பலர், இப்போர்க்குரலையே பெரிதும் போற்றினோம். போற்றியதோடு ஆராய்வதை நிறுத்திக்கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அனுதாபத்தினால் அளவின்றிப் புகழ்ந்த அரபு விமர்சகர்களை நோக்கி, தமது கவிதையைக் கவிதையாகவே மதிப்பிடுமாறு தர்வீஷ் 1969இலேயே வேண்டினார். அவ்வேண்டுகோள் நமக்கும் பொருந்தும்.

1970இல் நாட்டை விட்டு நீங்கியவர், மொஸ்கோ, கெய்ரோ, பெய்ரூட், துனிஸ், பாரிஸ் என நகர்தோறும் வாழ நேர்ந்தது. 1995இல் வெளிவந்த 'குதிரையை ஏன் தனியே விட்டுச் சென்றாய்' என்ற தொகுதியில் தந்தையும் மகனும், விட்டுவந்த வீடும் நினைவின் வழியே மீண்டும் உயிர்பெறுகின்றனர். முழக்கம் தணிய, இழப்பின் வரலாறு ஆழம் பெறுகிறது. இதனை அரசியலிலிருந்து விலகிய போக்கு என்பார் உளர். ஆயின் 1988இல் பலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும், 1993இல் ஒஸ்லோ உடன்படிக்கையை எதிர்த்து விடுதலை இயக்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியவரும் இவரே என்பதை அன்னார் மறந்துவிடுகின்றனர்.

1996இல் அவரால் ரமல்லாவுக்குத்தான் திரும்ப முடிந்தது. அல்-பிர்வா எட்டாததாகவே இருந்தது. 2008இல் மறைந்தபோது அடக்கம் செய்யப்பட்டதும் ரமல்லாவிலேயே. திரும்பியும் வீடு சேராத அவ்வாழ்வின் கவிதையை ஒரு முழக்கத்தினுள் ஒடுக்கலாகாது. ஒடுக்கப்பட்டோரின் பாடலுக்குக் கைதட்டுதல் எளிது. அதனை ஊன்றிக் கற்பதே நமது தோழமைக்குத் தக்க செயலாகும்.