சென்னை கைவிட்ட சுழல்

ஹட்டன் மலைச்சரிவின் லயங்களில் வசிக்கும் எங்களுக்கு, தேயிலைத் தோட்டத்தில் உழைக்கக் கடல் கடந்து வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரன் ஐபிஎல் போட்டிகளில் சென்னை அணியின் மஞ்சள் உடையில் பந்து வீசிய 2008 முதல் 2010 வரையிலான மூன்று பருவங்களும் பரமானந்தம் தந்தவை. விரல்களோடு மணிக்கட்டும் சேர்ந்து சுழல, அகன்ற விழிகள் இலக்கையே உற்று நோக்க, ஆஃப் ஸ்டம்பிற்கு வெகு தூரம் வெளியே விழுந்த பந்து சடுதியில் உள்ளே திரும்பும் வித்தையும், அதே கையசைவில் எதிர்ப்புறம் விலகும் தூஸ்ராவும் எத்தனை முறை கண்டாலும் ஆச்சரியம் குன்றாதவை. 2010 ஜூலையில் காலி நகர மைதானத்தில், தம் கடைசி டெஸ்ட் பந்திலேயே 800ஆவது விக்கெட்டை வீழ்த்திய அம்மகா கலைஞரை, மறு ஆண்டு ஏலத்தில் கொச்சி அணி கொண்டுபோகச் சென்னை விட்டுவிட்டதே என்னும் விசனம் எனக்கு இன்றும் உண்டு. சென்னைக்காக இளைஞர் அஸ்வின் திறம்பட வீசினார், அவ்வாண்டும் கோப்பை சென்னைக்கே வந்தது; ஆயினும் முரளி பந்தெடுத்த வேளைகளில் நாங்கள் கொச்சியின் பக்ஷமே.