பட்டை மணக்கும் ரொட்டி

ரொட்டி மாவில் பட்டைப் பொடியைத் தாராளமாகக் கொட்டினால் மணம் கூடும், மாவு சரியாக எழும்பாது. பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்டை அடக்கிவிடும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் அதை மாவோடு பிசைவதில்லை. மாவு ஒருமுறை உப்பிய பிறகு பலகையில் விரித்து, வெண்ணெய் தடவி, பட்டையும் சர்க்கரையும் தூவிப் பாய்போலச் சுருட்டிச் சுடுகிறார்கள். வெட்டினால் துண்டுக்குத் துண்டு ஒரு பழுப்புச் சுழி. பச்சைப் பூண்டும் வம்புக்காரன்தான். அதன் கந்தகச் சேர்மங்கள் குளூட்டனைத் தளர்த்திவிடும். வதக்கிப் போட்டால் அடங்கிவிடுவான். எள்ளால் எந்தத் தொல்லையும் இல்லை.

இதையெல்லாம் இயந்திரத்திடம் விடலாமா? 1980களில் ஜப்பானின் மத்சுஷிதா நிறுவனம் வீட்டு ரொட்டி இயந்திரத்தை உருவாக்கியபோது பிசைதல் மட்டும் கைகூடவில்லை. மென்பொருள் பிரிவின் இகுகோ தனாகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். அந்தக் கலைஞர் மாவை முறுக்கி இழுக்கும் விதம் தனாகாவுக்குப் பிடிபட்டது. அந்த இழுவையைக் கொண்டுவரத்தான் பாத்திரத்தின் உட்புறத்தில் மேடுகள் வைத்தார்கள்.

ஆகவே பிசையும் வேலையை நான் கூச்சமில்லாமல் இயந்திரத்துக்கே தந்துவிடுவேன். உலர்திராட்சை போடச் சொல்லி அது கூவும்வரை பொறுக்க வேண்டும். முன்பே போட்டால் பிசையும் தகடு அதைக் கூழாக்கிவிடும். ஆனால் சுருட்டுவது கையால், சுடுவது அடுப்பில். இயந்திரத்திலேயே வெந்த ரொட்டிக்கு அடியில் தகடு விட்ட ஓட்டை, மேலே சோகை பிடித்த நிறம், எனக்கு ஒத்துவராது.