பதினெட்டு வயதும் மனநலத் திட்டங்களும்

மனநோய் என்பது வாழ்க்கையில் அடிபட்ட நடுவயதினருக்கு வருவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆராய்ச்சி காட்டும் உண்மை வேறு. 192 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றின்படி, மனநோய்கள் மிகுதியாகத் தலைகாட்டும் வயது பதினான்கரை. நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 18 வயதுக்குள்ளும், 62 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு 25 வயதுக்குள்ளும் நோய் தொடங்கிவிடுகிறது.

இப்பருவத்தில் மூளையிலும் பெரிய மாறுதல்கள் நிகழ்கின்றன. மிகையான நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன. ஆராய்ந்து முடிவெடுக்கவும் உணர்ச்சியை அடக்கவும் உதவும் நெற்றிப்புறப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இம்மாறுதல்களுக்கும் சில மனநோய்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆக, மூளைக்குப் பதினெட்டாம் பிறந்தநாள் என்று ஒன்று தெரியாது. நம் நலத்திட்டங்களுக்கோ அது மட்டுமே தெரிகிறது.

திட்டங்கள் தேடும் இடம்

திட்டங்களே இல்லை என்று கூறுவதற்கில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. அதன் கீழ் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் உருவாயிற்று. 2013-இல் வந்த சிறார் நலத்திட்டம் 18 வயது வரையிலும், 2014-இல் வந்த வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 19 வயது வரையிலும் உள்ளவர்களுக்கு உரியவை. பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் பயிற்சி, கல்லூரிகளில் ஆலோசனை, பணியிடங்களில் மன அழுத்தம் குறைத்தல், தற்கொலைத் தடுப்பு ஆகியவை பின்னாளில் மாவட்டத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

இவற்றின் நோக்கம் நல்லதே. குறை எங்கே எனின், இவை இளைஞரைப் பெரிதும் பள்ளியிலும் கல்லூரியிலும் பணியிடத்திலுமே தேடுகின்றன. மனநோயோ அவரை முதலில் அந்த இடங்களிலிருந்துதான் வெளியேற்றுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரி ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிற்றூர் ஒன்றில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். இரவில் தூக்கம் குறைகிறது, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறான், மதிப்பெண் சரிகிறது, ஒருநாள் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறான். அன்றே பள்ளித் திட்டத்தின் கணக்கிலிருந்து அவன் போய்விட்டான். கல்லூரியில் சேராததால் கல்லூரி ஆலோசகர் அவனை அறியார். வாழைத் தோட்டத்திலோ உப்பளத்திலோ நாட்கூலிக்குப் போனால், பணியிடத் திட்டமும் அவனை எட்டுவது அரிது. பெண்ணாயின் நிலைமை இன்னும் கடினம். வரன் பார்க்கும் வீட்டில் மருந்துச் சீட்டு ஒளித்து வைக்கப்படும். திருமணத்துக்குப் பின் மாத்திரையே நின்றுபோகும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் நோய் முற்றி, திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ அழைத்துச் செல்கிறார்கள். அங்கே பெரியவர்களுக்கான பிரிவில் புதிய புறநோயாளிச் சீட்டு எழுதப்படுகிறது. முன்பு ஆசிரியர் கண்டது, தாய் சொன்னது எதுவும் அதில் இல்லை. துணைக்கு வந்தவருக்கு ஒருநாள் கூலி போயிற்று. மறுமாதம் வருவது ஐயமே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. சிறார் மனநலப் பிரிவிலிருந்து பெரியோர் பிரிவுக்கு மாறும் இளைஞர்களை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். முறையாகக் கைமாற்றிவிடப்பட்டோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. ஆஸ்திரேலியா 2006-இல் வேறு வழி கண்டது: 12 முதல் 25 வயது வரை ஒரே இடத்தில் கவனிக்கும் ஹெட்ஸ்பேஸ் நிலையங்களை அமைத்தது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அதற்கு முந்தைய 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட மேலானது. மனநலச் சிகிச்சையை அது உரிமையாக்கியது. ஆயினும் அச்சட்டம் சிறாருக்கும் முதியோருக்கும் மனநலச் சேவை வேண்டும் எனப் பெயர் சொல்லிக் கூறுகிறதே தவிர, இடைப்பட்ட இளைஞரை அவ்வாறு தனியே குறிப்பிடவில்லை. மருத்துவமனையில் தங்கியிருக்கும்போதே ஒருவருக்கு 18 வயது நிறைந்தால், அவரைத் தன் விருப்பப்படி சிகிச்சை பெறும் தனி நோயாளியாக வகைப்படுத்த வேண்டும் என்கிறது. அதுவரை பெற்றோர் முடிவு செய்தனர். மறுநாள் முதல் அவரே முடிவு செய்யலாம். உரிமை வந்தது மகிழ்ச்சியே. ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்த 16, 17 வயதிலேயே அவரைப் பழக்குவார் யார்? தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டா என முன்கூட்டியே எழுதி வைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் வயது வந்தோருக்குச் சட்டம் இடமளிக்கிறது. இதை அவருக்கு எடுத்துச் சொல்வதும் திட்டத்தின் பகுதியாக வேண்டாமா?

செய்ய வேண்டுவன

முதலாவது, திட்டம் நிலையத்தைப் பற்றி நிற்காமல் ஆளைத் தொடர வேண்டும். பள்ளியை விட்டு நின்ற மாணவர் பட்டியல் தலைமையாசிரியரிடம் உண்டு. அது கிராமச் செவிலியர் வழியாக மாவட்ட மனநலக் குழுவுக்குச் சென்றால், பாதிப் பணி முடிந்தது.

இரண்டாவது, 17 வயதில் ஒரு கைமாற்றுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். நோய் வரலாறு, மருந்து, அடுத்து யாரிடம் செல்வது, படிப்பா தொழிலா என்பன அதில் இருக்கட்டும். 25 வயது வரை பொறுப்பேற்கும் பணியாளர் ஒருவர் அதில் குறிக்கப்படட்டும்.

மூன்றாவது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1984-இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மாண்ட்ரியல் மருத்துவர்களும், கடும் மனநோயின் தொடக்கநிலையில் உள்ள இளைஞர்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். சிகிச்சையை இடையில் விட்டவர்கள் சென்னையில் மிகக் குறைவு. குடும்பத்தாரின் ஈடுபாடு இங்கே கூடுதல். வெளிநாட்டு முறைகளை அப்படியே இறக்குமதி செய்யும் திட்டக்காரர்கள் நம் கையிலுள்ள இந்த வலிமையை மறக்கலாகாது.

எனினும் குடும்பம் பேசிக்கொண்டிருக்க, இளைஞர் வாய்மூடி அமர்ந்திருக்கும் நிலையும் கூடாது. பதினாறு ஆண்டு புளியமரத்தடியில் மௌனமாயிருந்த நம்மாழ்வாரிடம் வயதில் மூத்த மதுரகவியார் வந்து கேள்வி கேட்டார், விடை பெற்றார் என்பது ஆழ்வார்திருநகரி ஐதிகம். அந்த மௌனத்தை நோயென்று கூறுவது நம் கருத்தன்று. பெரியவர் ஒருவர் இளையவரிடமே நேரில் கேட்டார் என்பதுதான் நாம் கருதத்தக்கது. திட்டம் வகுப்போர், யாருக்காக வகுக்கிறார்களோ அந்த இளைஞர்களை அழைத்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை.

கூடுதல் கட்டடம் கேட்கும் யோசனைகள் அல்ல இவை. இருக்கும் செவிலியரையும் ஆசிரியரையும் மருத்துவரையும் ஒரு தாளால் இணைப்பதே வேண்டுவது. ஒரே ஓர் ஒன்றியத்திலேனும் இதனை மூன்றாண்டுகள் நடத்திப் பார்த்து, எத்தனை இளைஞர் சிகிச்சையில் நிலைத்தனர் என எண்ணிக் கூறட்டும். ஆழ்வார்திருநகரி ஒன்றியமே அதற்கு ஏற்ற இடமாகும்.