மேசைக்குள்ளேயே கிடந்த விமர்சனம்

ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின், கலைக்களஞ்சியம் தொகுத்த திதரோவுக்கு உதவிய கதையைப் பலரும் உருகி உருகிச் சொல்வாங்க. மகள் கல்யாணச் செலவுக்காக அவர் தன் நூலகத்தையே விற்க முன்வந்தார். 1765-ல் அதை 15,000 லிவருக்கு வாங்கிய கேத்தரின், புத்தகங்களை அவரிடமே விட்டு, அவரையே சம்பள நூலகராக்கினார். அடுத்த வருஷமே 50 வருஷச் சம்பளம் முன்பணமாக வந்துசேர்ந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1767-ல் கேத்தரின் 'நகாஸ்' என்ற சட்ட வழிகாட்டியை வெளியிட்டார். பெரும்பகுதி மொந்தெஸ்கியூ, பெக்காரியாவிடம் எடுத்தது. 1773-ல் பீட்டர்ஸ்பர்க் போன திதரோ, மாதக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து பேசினார். அதே சமயத்தில் புகச்சோவ் கலகம் வெடித்திருந்தது. 1774-ல் திரும்பும் வழியில் நகாஸை விமர்சித்துக் குறிப்புகள் எழுதினார். உண்மையான இறையாண்மை மக்களுடையது, மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்பது அதன் சாரம். ஆனா அச்சுக்குக் கொடுக்கவே இல்லை.

1784-ல் திதரோ இறந்தார். நூலகத்தோடு கையெழுத்துப் பிரதிகளும் ரஷ்யா போன பிறகுதான் கேத்தரின் அதைப் படித்தார். வெறும் பிதற்றல் என்று கோபமாகத் தள்ளிவிட்டார்.

திதரோ விலைபோனார்னு சொல்றது எனக்கு ஒப்பவில்லை. விலைபோனவர் அதை எழுதியே இருக்கமாட்டார். கேத்தரினின் தாராளமும் பொய்யில்லை. அந்தப் பணம் அவர் வாயை அடைக்கல. பேச்சைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டுச்சு. அதுவரை காத்திருந்தது பேரரசியும் இல்லை, திதரோவும் இல்லை, பண்ணையடிமைகள்.